நடுத்தண்ணீர்

கண்ணில் புரை எடுத்த பிறகு அத்தைக்கு உலகம் முழுவதும் அழுக்காகத் தெரிந்தது.

மூன்று வருஷமாகக் கஞ்சித்தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து வைத்தது போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிய நாளில் முதலில் கண்ணில் பட்டது குளியலறைச் சுவர். தரையிலிருந்து இடுப்புயரம் வரை கறுப்புப் பூஞ்சை, எருமைத் தோல் மாதிரி. அடுத்து ஜன்னல் கம்பி. உப்புக்காற்று தின்று தின்று, தொட்டால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. கொடியில் நாலு நாளாகக் காயாமல் தொங்கிய துணிகளில் சாம்பல் புள்ளிகள். தலையணை உறையில் யாரோ தலை வைத்துத் தூங்கிய எண்ணெய் வட்டம். அந்தத் தலை தன்னுடையதுதான் என்று தெரிந்ததும் உறையை இரண்டு விரலால் பிடித்துக் கழற்றி வாசலில் எறிந்தாள்.

"கடலோர ஊருன்னா அப்படித்தான் அத்தை. துடைச்சா மறுநாளே வந்துடுது," என்றாள் தம்பி மகனின் மனைவி.

"துடைச்சாத்தானேம்மா மறுநாள் வர்றதுக்கு?"

அவள் பதில் சொல்லவில்லை. நல்ல பெண்தான். பதில் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரி.

அந்த ஊரில் வெயில், மழை என்று இரண்டே காலம். இரண்டிலும் வியர்வை. காலையில் போட்ட பவுடர் பத்து மணிக்குக் கழுத்தில் பசையாகத் திரளும். உப்பு டப்பாவில் உப்பு அழுதுகொண்டிருக்கும். துறைமுகத்திலிருந்து வீட்டு வாசல் வரை வரும் சாக்கடையில் மீன் செதிலும் டீசலும் சேர்ந்து வானவில் போலப் பளபளக்கும். முன்பெல்லாம் அத்தைக்கு அதன் நாற்றம் மட்டும்தான் தெரியும். இப்போது அதன் நிறமும் தெரிந்தது.

ஆனால் ஒன்றே ஒன்றில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. இந்த ஊரே அழுகினாலும் தன் வீட்டு ஐஸ் அழுகாது.

அவளுடைய தாத்தா காலத்தில் ஐஸ் கப்பலில் வந்தது. குளிர் தேசத்து ஏரியில் வெட்டி, மரத்தூளில் புதைத்து, நாலு மாசம் கடலில் மிதந்து வரும். கரையிலிருந்து கிடங்கு வரை அதைத் தோளில் சுமந்தவர் தாத்தா. சுமந்தவருக்கு ஒரு துண்டு நாக்கில் படாது. எல்லாம் துரைமாருக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும். அவர் மகன், அத்தையின் அப்பா, உடைக்கப் போட்ட ஒரு கப்பலின் குளிரறையிலிருந்து அமோனியா இயந்திரத்தைக் கழற்றி வாங்கி வந்து, துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பூட்டினார். ஊர் சிரித்தது. அடுத்த வெயிலில் அதே ஊர் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது. காய்ச்சலில் கிடந்தவன் நெற்றியில் அந்த வீட்டு ஐஸ் வைக்கப்படாத தெரு அந்த ஊரில் இல்லை. 'ஐஸ் வீட்டுக்காரங்க' என்றால் தபால் வந்து சேரும்.

ஐஸில் என்ன இருக்கிறது, தண்ணீரை ஊற்றினால் உறைகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்பா அப்படி நினைக்கவில்லை. உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் ஆளுயரக் கேன்கள் வரிசையாக நிற்கும். கேனுக்குள் தண்ணீர் ஓரத்திலிருந்துதான் உறையும். உறையும்போது நல்லது சுவரோரம் கட்டிக்கொள்ளும். கசடு, கலங்கல், உப்பு எல்லாவற்றையும் நடுவுக்குத் தள்ளிக்கொண்டே வரும். கடைசியில் கேனின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழி மட்டும் உறையாமல் நிற்கும். அதில் நிற்பதுதான் நடுத்தண்ணீர். ஒரு கேன் தண்ணீரின் பாவம் முழுக்க அதில் இருக்கும். அந்த நேரத்தில் ரப்பர் குழாயை உள்ளே விட்டு அதை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணீரை ஊற்றி மூடவேண்டும். அப்படிச் செய்த கட்டி கண்ணாடி போல இருக்கும். நடுவில் வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு மட்டும் ஓடும். மீனுக்குப் போகிற ஐஸுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. அதனால் மீன் ஐஸ் கேன்களுக்குத் தார் பூசிய கறுப்பு மூடி, மனுஷர் வாயில் படுகிற குடி ஐஸ் கேன்களுக்கு வெள்ளை மூடி.

குழாயில் தண்ணீர் ஓட ஆரம்பிக்க முதலில் ஒருவர் வாயால் இழுக்கவேண்டும். நாற்பத்தெட்டு வருஷம் அந்த வாய் அத்தையுடையது. இழுத்து, நாக்கில் பட்டதும் குழாயை வாளிக்குள் விட்டு, துப்பி, அடுத்த கேனுக்குப் போவாள். ஒரு நாளைக்கு எண்பது கேன். இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டு, "ஊர் அழுக்கை வாயில வைக்கிற பொண்ணா?" என்று முகம் சுளித்துக்கொண்டு எழுந்துபோனார்கள். அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. அத்தை மறுநாளே தொட்டிப் பலகை மேல் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. வரச்சொல்லி அவளும் சொல்லவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் முழங்கால் மடங்க மறுத்தது. கண்ணும் மங்கியது. தொட்டியை விட்டு இறங்கினாள். "நடுத்தண்ணி எடுக்க மோட்டார் போட்டாச்சு அத்தை. நீங்க நிம்மதியா இருங்க," என்றான் தம்பி மகன். தம்பி போன பிறகு ஃபேக்டரி அவன் கையில்தான். நிம்மதியாக இருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் ஜூஸ்காரன் நின்றான். முப்பது வருஷமாகத் தெருமுனையில் எலுமிச்சம்பழம் பிழிகிறவன். எலுமிச்சைக்காரன் என்றுதான் பெயர். எப்போதும் எதையாவது உளறிச் சிரிக்கவைக்கிறவன் அன்று பேயறைந்தவன் போல நின்றான்.

"அத்தை, என் வண்டிக்கு சீல் வைக்க வந்திருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"தெருவுல பதினோரு பேருக்கு வாந்தி பேதி. தையக்காரர் வீட்டம்மா நேத்து ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சுபோச்சு. எல்லாரும் என் வண்டியில குடிச்சவங்களாம். சுகாதார ஆபீசர் வந்து நிக்கிறார். நான் கொதிக்கவெச்ச தண்ணிதான் ஊத்தறேன் அத்தை. பழம் அன்னன்னைக்கு வாங்கறது. வெளியில இருந்து வர்றது ஐஸ் ஒண்ணுதான்..."

அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அத்தை எழுந்துவிட்டாள்.

"என்ன சொன்னே?"

"நான் குத்தம் சொல்லல அத்தை. எதுக்கும் ஐஸையும் ஒருதரம் பார்க்கச் சொல்லலாம்னு..."

கைத்தடியை எடுத்துக்கொண்டு அத்தை தெருவில் இறங்கினாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. தெருமுனையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். தொப்பை தெரியச் சட்டை நனைந்த சுகாதார அதிகாரி, கர்சீப்பால் மூக்கைப் பொத்தியபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் தம்ளர் கழுவும் வாளி இருந்தது. புதுக்கண் நேராக அங்கேதான் போயிற்று. வாளித் தண்ணீர் சோப்பு நுரையும் எலுமிச்சைக் கொட்டையும் மிதக்கப் பழுப்பாக நின்றது. ஓரத்தில் ஒரு ஈ நீந்திக்கொண்டிருந்தது.

"ஆபீசர், இங்க பாருங்க," என்றாள் அத்தை. "இந்த வாளியில மாட்டைக் குளிப்பாட்டினா மாடு கோவிச்சுக்கும். இதுல கழுவின தம்ளர்ல ஊத்திக் கொடுத்துட்டு, இவன் எங்க ஐஸைச் சொல்றான்!"

கூட்டம் சிரித்தது.

"அத்தை, அது கழுவுற தண்ணி. அதை யாரும் குடிக்கிறதில்லையே. அப்புறம் கொதிச்ச தண்ணியில ஒரு முங்கு முக்கித்தானே..."

"வாயை மூடு. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? நூறு வருஷமா இந்த ஊருக்கு ஐஸ் கொடுக்கிற வீடு. எங்க தாத்தா தோள்ல சுமந்தப்போ உங்க தாத்தா வாயைப் பொளந்துக்கிட்டு நின்னார். எங்க கட்டியில ஒரு தூசி காட்டு, நான் தெருவுல மண்டி போடறேன்."

சொல்லிக்கொண்டே தடியால் வாளியைத் தள்ளினாள். அது உருண்டு, தண்ணீர் எலுமிச்சைக்காரனின் காலில் கொட்டியது. அவன் காலை நகர்த்தக்கூட இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் மழிக்காத முகத்தோடு தையற்காரர் நின்று வாளியையே பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "நீங்க சொன்னா போதும் அத்தை. என் பிள்ளைக்கு ஜுரம் வந்தப்போகூட உங்க ஐஸ்தான். ஆனா ஃபைலுக்கு ஒரு சாம்பிள் வேணும். நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டுமா?"

"தாராளமா வாங்க. என் கையால எடுத்துத் தர்றேன். மடியில கனமில்ல, வழியில பயமில்ல." பிறகு எலுமிச்சைக்காரனைப் பார்த்து, "நீயும் அந்த வாளியோட வா. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கட்டும்," என்றாள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. குடும்ப மானத்தைக் காத்துவிட்ட படபடப்பு. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஐஸ் போட்டுத் தண்ணி கொண்டாம்மா."

தம்பி மகனின் மனைவி கண்ணாடித் தம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதை வாயருகே கொண்டுபோனவள், பழக்க தோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஐஸ் துண்டைத் தூக்கிப் பார்க்காமல் அவள் வாழ்நாளில் தண்ணீர் குடித்ததில்லை. இந்த மூன்று வருஷம் மட்டும் தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரிந்ததில்லை.

தம்ளரில் மிதந்தது அவள் வீட்டு ஐஸ் இல்லை. எல்லாப் பக்கமும் வெள்ளையாக, நடுவை நோக்கி ஊசி ஊசியாகக் குமிழி. விரலை விட்டு ஒரு துண்டை எடுத்துத் திருப்பினாள். தட்டையான பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக வரி. எவர்சில்வர் டப்பாவின் அடியில் இருக்குமே, அந்த வரி.

"இது எங்க உறைஞ்சது?"

"நம்ம ஐஸ்தான் அத்தை."

"நம்ம ஐஸ் எப்ப இருந்து டப்பாவுல உறையுது?"

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"பதில் சொல்லும்மா. உன்னைத்தான் கேக்கறேன்."

"ஃபிரிட்ஜ்ல வெச்சு, சுத்தியலால உடைச்சுப் போடறேன் அத்தை. ஃபில்டர் தண்ணிதான். நல்ல தண்ணி."

"எதுக்கு? ஃபேக்டரியில இருந்து தினமும் ஒரு துண்டு வருதே வீட்டுக்கு?"

"வருது. அதை மோரியில கொட்டிடுவேன்."

துண்டு அத்தையின் விரலிடுக்கில் உருகி முழங்கைக்கு வழிந்தது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். பெரியவனுக்கு ஒரு தடவை வயித்தால போச்சே, அப்ப இருந்து. இவர்தான் சொன்னார், வீட்டுல யாரும் அதைத் தொடவேண்டாம்னு."

"எனக்குமா?"

"உங்களுக்கு மட்டும் அதைக் கொடுக்க மனசு வருமா அத்தை?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அந்த அன்புதான் அத்தைக்குக் குமட்டியது. எழுந்து போய், காலையில் குடித்த காப்பியை வாந்தி எடுத்தாள்.

ஃபேக்டரி வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு. மதிய வெயிலில் தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. உள்ளே நுழைந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறியது. அதுதான் அவளுக்குப் பழகிய, சுத்தமான நெடி. கம்ப்ரசர் பக்கத்திலேயே நாற்பது வருஷம் நின்று காது போன மேஸ்திரி ஓடிவந்தார். அவரிடம் ரகசியம் பேச முடியாது. கத்தினால்தான் கேட்கும், அவரும் கத்தித்தான் பதில் சொல்வார்.

"நடுத்தண்ணி எடுக்கிற மோட்டார் எங்க?" என்று கத்தினாள்.

"எந்த மோட்டார்?"

"அவன் போட்டதா சொன்னானே, அது!"

"அப்படி ஒண்ணு இங்க வரவே இல்லக்கா!"

ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நடுத்தண்ணியை எப்படி எடுக்கறீங்க?"

"எடுக்கறதில்லையே! நீங்க இறங்கின நாள்ல இருந்து எடுக்கல!"

"தண்ணி?"

"கிணறு உப்பாயிடுச்சு! லாரித் தண்ணிதான்! எந்தக் குளத்துல மொண்டதோ, லாரிக்காரனைத்தான் கேக்கணும்! ஒருநாள் தவளை வந்துச்சு!"

சுவரில் அவளுடைய ஆணியில் அவளுடைய குழாய் தொங்கியது. ரப்பர் வெடித்து, வாய் வைக்கிற முனையில் சிலந்தி முட்டை வைத்திருந்தது.

"வெள்ளை மூடியில ஒரு கேனைத் தூக்குங்க."

கப்பி கிறீச்சிட்டது. கேனை வெறுந்தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சாய்த்ததும் கட்டி சறுக்கிக்கொண்டு தரையில் வந்து நின்றது. வெளிப்பார்வைக்குக் குறையில்லை. ஓரம் எல்லாம் கண்ணாடிதான். மேஸ்திரி கடப்பாரையால் நடுவில் ஒன்று போட, கட்டி இரண்டாகப் பிளந்தது.

உள்ளே இரண்டு விரல் தடிமனுக்கு மேலிருந்து கீழ் வரை மஞ்சளும் பழுப்புமாக ஒரு தண்டு. சீழ் கோத்த எலும்பு மாதிரி இருந்தது. அதில் ஒரு மயிர் சுருண்டு கிடந்தது. பாசி இழை. ஏதோ பூச்சியின் கால். வெயில் பட்டதும் அந்த இடம்தான் முதலில் இளகியது. இளகிய இடத்திலிருந்து ஒரு வாடை எழுந்தது. தேங்கிய குட்டையில் எருமை புரண்டு எழுந்த வாடை.

இதை உடைத்துத்தான் எலுமிச்சைக்காரன் தம்ளரில் போட்டிருக்கிறான். இதைத்தான் தையற்காரர் மனைவி வெயில் தாங்காமல் உறிஞ்சியிருக்கிறாள்.

"நீங்க ஏன் என்கிட்ட வந்து சொல்லல?" என்று மேஸ்திரியிடம் கேட்டாள். கத்தத் தெம்பில்லை. ஆனாலும் உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொண்டார்.

"உங்க வீட்டு விஷயம்னு இருந்துட்டேங்க்கா!" என்று கத்தினார்.

தம்பி மகன் சாயங்காலம் விளக்கு வைக்கும் முன்பே வந்துவிட்டான். விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. சட்டையைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தான். மின்விசிறி ஈரக்காற்றை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

"உடம்புக்கு ஆகாம எதுக்கு அத்தை வெயில்ல போனீங்க?"

"கண்ணு தெரியுதான்னு பார்க்கப் போனேன். தெரியுது."

"இந்த ஊர்ல யாரு அத்தை இப்ப நடுத்தண்ணி எடுக்கறாங்க? நாலு ஃபேக்டரி இருக்கு. ஒருத்தனும் எடுக்கறதில்ல."

"அவங்க யாரும் ஐஸ் வீட்டுக்காரங்க இல்ல."

"பேரு வேற, பிழைப்பு வேற."

"வெள்ளை மூடி எதுக்கு வெச்சிருக்கே? எல்லாத்துக்கும் கறுப்படிக்க வேண்டியதுதானே?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "வெள்ளை மூடின்னாத்தானே கேக்கறாங்க."

"தூ!"

"துப்புங்க. நல்லாத் துப்புங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நீங்க இறங்கினப்போ மேஸ்திரி நான் குழாய் இழுக்கறேன்னு வந்து கேட்டாரா இல்லையா?"

அத்தை தலைப்பால் நாற்காலிக் கையைத் துடைத்தாள்.

"கேட்டார். 'கண்டவன் எச்சில் பட்ட குழாயை எங்கப்பா தொட்டியில விடமாட்டேன். இது எங்க வீட்டு வாய் இழுக்கிற குழாய்'னு சொன்னது யாரு? வேற ஒரு ஆளைத் தொட விட்டீங்களா நீங்க? நான் இழுக்கணுமா, என் பொண்டாட்டி இழுக்கணுமா?"

"ஒரு கைப்பம்பு வாங்க உனக்கு வக்கில்லையா?"

"வாங்கலாம்னுதான் இருந்தேன். முதல் மாசம் எடுக்காம விட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லல. ரெண்டாம் மாசமும் சொல்லல. அப்புறம் எதுக்கு வாங்கறது?"

இதைச் சொன்னபோது அவன் முகத்தில் வெட்கம் இல்லை. வியாபாரத்தில் ஒரு சுலபமான வழியைக் கண்டுபிடித்தவனின் சாதாரண முகம்தான் இருந்தது. அந்த முகம் தம்பியின் முகம். மூக்கு அப்பாவின் மூக்கு.

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா வீட்டுக்கு மட்டும் டப்பா ஐஸ்!"

"குழந்தைங்க இருக்கிற வீடு அத்தை."

"தெருவுல இருக்கறதெல்லாம் என்ன, தவளைக் குஞ்சா? ஒருத்தி செத்துப்போயிருக்காடா."

"அந்தம்மாவுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லயாம்."

அத்தை கையை ஓங்கிவிட்டாள். பிறகு, அந்தக் கன்னத்தைத் தொடவும் அருவருத்து, கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

அவன் குரலைத் தணித்தான். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே பம்பு போட்டுடறேன், சத்தியமா. நாளைக்கு மட்டும் தாண்டணும். ஆபீசருக்குன்னு ஒரு கேன் தனியா வெச்சிருக்கேன். ஃபில்டர் தண்ணி, நானே உக்காந்து கப்பால நடுவை மொண்டுட்டேன். ஏழாவது வரிசை, மூணாவது. மூடியில சாக்பீஸ் கோடு இருக்கும். நீங்க அதை எடுத்துக் கொடுத்தா போதும்."

"நானா?"

"நீங்கதானே நடுத்தெருவுல நின்னு என் கையால தர்றேன்னு சொன்னீங்க? இப்ப நான் எடுத்துக் கொடுத்தா நம்புவாங்களா? நூறு வருஷப் பேரு அத்தை. நாளைக்கு நம்ம பொண்ணை ஒரு இடத்துல கொடுக்கவேண்டாமா? ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?"

அத்தை எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுக் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். உள்ளதைச் சொல்லவேண்டும்: சாக்பீஸ் கேனை எடுத்துக் கொடுக்கும் எண்ணத்தோடுதான் அவள் கிளம்பினாள். பொய் ஒன்றும் பேசவேண்டியதில்லை, கையை நீட்டிக் காட்டினால் போதும் என்று மனம் வழி சொல்லிக்கொடுத்தது. எலுமிச்சைக்காரனுக்கு வேறெங்காவது ஒரு வண்டி வைத்துக் கொடுத்துவிடலாம். செத்தவள் வரப்போவதில்லை. பேர் இருந்தால் எதையும் சரிசெய்யலாம். பேரே போய்விட்டால் எதை வைத்துச் சரிசெய்வது? தாத்தாவின் தோளும் அப்பாவின் இயந்திரமும் ஒரு லாரித் தண்ணீரில் போகவேண்டுமா?

ஃபேக்டரி வாசலில் பாதித் தெரு நின்றது. எலுமிச்சைக்காரன் வாளியோடு வந்திருந்தான். வாளியை மண் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தான். நெளிந்த இடங்களெல்லாம் வெள்ளி மாதிரி மின்னின. அதில் நல்ல தண்ணீர் நிறைத்து, மேலே ஈரத்துணி மூடியிருந்தான். தேய்த்துக் கழுவிவிட்டால் சோதனையில் என்ன தெரியும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தையற்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

அதிகாரி தொட்டிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் காகிதம். "எல்லாம் எழுதிட்டேன் அத்தை. காரணம், ஜூஸ் வண்டியின் அசுத்தமான வாளித் தண்ணீர். நீங்க சாம்பிள் கொடுத்தா கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிடுவேன். இந்தப் புழுக்கத்துல உக்கார முடியல."

"ஐயா, இன்னும் பார்க்கவே இல்லையே..." என்றான் எலுமிச்சைக்காரன்.

"நீ சும்மா இரு."

தம்பி மகன் முன்னால் வந்து அத்தையின் முழங்கையைப் பிடித்தான். பலகை மேல் ஏற்றிவிட்டு, "மெதுவா... இப்படி... இது அஞ்சு... இது ஆறு... இது ஏழாவது வரிசை அத்தை," என்று கண் தெரியாதவளை நடத்துவது போல நடத்தினான். கூட்டம் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை பாசமான பிள்ளை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஏழாவது வரிசையில் வெள்ளை மூடி. ஓரத்தில் சாக்பீஸ் கோடு, எறும்பு நீளத்துக்கு. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் விரல் அவள் முழங்கையை லேசாக அழுத்தியது. ஈரமாக, சூடாக இருந்தது அந்த விரல்.

"கையை எடு," என்றாள் அத்தை.

"விழுந்துடுவீங்க."

"எடுடா. எனக்குக் கண் தெரியுது."

அவள் திரும்பி இரண்டாவது வரிசைக்கு நடந்தாள். அங்கேயும் வெள்ளை மூடிதான், கோடு இல்லை. "மேஸ்திரி! என் குழாயை எடுங்க! வெடிச்ச முனையை அறுத்துட்டு, சுடுதண்ணியில கழுவிக் கொண்டாங்க!" என்று கத்தினாள்.

"அத்தை, ஆபீசருக்கு நேரமாகுது," என்றான் தம்பி மகன்.

"அவருக்குத்தான் எடுக்கறேன்."

பலகையில் உட்கார்ந்தாள். முழங்கால் எலும்பு முறிவது போல வலித்தது. மூடியைத் தூக்கினாள். ஓரமெல்லாம் கட்டியிருந்தது, நடுவில் கை நுழையும் குழியில் கலங்கல் நின்றது. குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து இழுத்தாள்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒன்று நாக்கில் பட்டதில்லை. உப்பும் சேறும் துருவும், கூடவே செத்த எதுவோ ஒன்றும். குழாயை அதிகாரியின் சாம்பிள் பாட்டிலுக்குள் திருப்பினாள். பாட்டில் நிறைந்தது. தூக்கிப் பிடித்தாள். வெயில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரவில்லை.

துப்பினாள். மறுபடியும் துப்பினாள்.

அதிகாரி எழுந்துவிட்டார். "இது... மீன் ஐஸ் வரிசையா இருக்கும்."

"மூடி என்ன நிறம்?"

"வெள்ளை."

"வெள்ளை மூடின்னா குடி ஐஸ். ஊருக்கே தெரியும். இவன் தம்ளர்ல போட்டது இதுதான். கொண்டுபோய்ப் பாருங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க அத்தை. இது உங்க வீட்டுப் பேரு."

"அதனாலதான் நான் சொல்றேன். வேற எவனாவது வந்து சொல்லணுமா? நீங்க எழுதினதை அடிங்க. நேத்து தெருவுல நான் பேசினது பொய். தெரியாமப் பேசின பொய். அதையும் எழுதுங்க. இந்தத் தண்ணியை எடுக்கவேண்டிய ஆளைத் தொட விடாம வெச்சதும் நான்தான். அதையும் எழுதுங்க."

"பைத்தியம் பிடிச்சிடுச்சு இவங்களுக்கு," என்றான் தம்பி மகன். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. கேட்டுக்கு வெளியே தையற்காரர் பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலில் செருப்பில்லாமல், வெயிலில் நடந்து போனார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். கல்லை எறிந்திருக்கலாம்.

மேஸ்திரி கை கொடுத்து அவளைப் பலகையிலிருந்து இறக்கினார். வாயில் இருந்த ருசி போகவில்லை. பல்லிடுக்கில் மணல் நறநறத்தது. தண்ணீர் வேண்டும் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். ஃபேக்டரி முழுக்கத் தண்ணீர். ஒரு வாய் எடுக்க வழியில்லை.

எலுமிச்சைக்காரன் எதிரில் நின்றான். அவனுடைய கால்சட்டையின் அடியில் நேற்று கொட்டிய வாளித் தண்ணீரின் கறை காய்ந்திருந்தது.

"உன் வாளியைக் கொண்டா," என்றாள்.

அவன் நகரவில்லை. "நேத்து கவுத்த அதே வாளிதான்," என்றான். வேடிக்கை இல்லாத குரல்.

"தெரியும். ஊத்து."

அவள் இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்தாள். அவன் துணியை விலக்கி, தம்ளரில் மொண்டு ஊற்றினான். வெயிலில் கிடந்த தண்ணீர், வெதுவெதுப்பாக, எலுமிச்சைத் தோல் வாசனையோடு இருந்தது. கொப்பளித்துத் துப்பினாள்.

"போதுமா?"

"போகல. இன்னும் ஊத்து."